டப்பா கம்பெனிக் குரல்

அந்த ஊர்த் தேநீர்க் கடையில் நடந்த கூத்தை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். ஒரு சனிக்கிழமை காலை, நகரத்து ரயிலில் வந்து இறங்கிய ஒருவன் தோளில் பையோடு கடை வாசலில் நின்று, "அண்ணே, சர்க்கரை கம்மியா ஒரு டீ" என்றான். பக்கத்து பெஞ்சில் காலை நீட்டிப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த ஐஸ் கம்பெனி மேஸ்திரி அந்தக் குரலைக் கேட்டதுதான் தாமதம், கிளாஸை வைத்துவிட்டு, செருப்பை மாட்டியும் மாட்டாமலும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். தன் குளிரறைக் கதவைத் திறந்து, பார் பாராக ஐஸ் கல்லு மாதிரி இருப்பதைப் பார்த்த பிறகுதான் மனிதருக்கு மூச்சே வந்தது. திரும்பி வந்து, ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டே, "தம்பி, இனிமே நேர்ல பேசுறதா இருந்தா முன்னாடியே சொல்லிட்டுப் பேசுங்க" என்று கேட்டுக்கொண்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த ஊரில் மீனுக்கும் பாலுக்கும் மருந்துக்கும் குளிரறை வைத்திருக்கிற எல்லோருக்கும் அந்தக் குரல் பழக்கம். அறையில் சூடு ஏறினால் போனில் கூப்பிட்டுச் சொல்வது அதுதான். அது யாருடைய குரல் என்றுதான் யாருக்கும் தெரியாது. ஆள் அந்த ஊரில் பிறந்தவன்தான். படிப்பு முடிந்ததும் விட்டால் போதுமடா சாமி என்று நகரத்துக்கு ஓடியவன். கம்ப்யூட்டர் வேலை செய்பவர்கள் எல்லோரும் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே தானும் ஒரு வேலை தேடிக்கொண்டு, அங்கேயே பிறந்து வளர்ந்த ஒருத்தியைக் காதலித்துக் கல்யாணமும் செய்துகொண்டான்.

அந்த ஒருத்திதான் இப்போது அவன் ஊரில், அவன் அம்மா வீட்டில் இருந்துகொண்டு, டயர் கடை மாடியில் கம்பெனி நடத்துகிறாள். கம்பெனிக்கு நாகரிகமான பெயர் ஒன்று உண்டு. ஊர் அதை வாய்க்குள் நுழையவில்லை என்று ஒதுக்கிவிட்டு, டப்பா கம்பெனி என்று வைத்துவிட்டது. மாமியார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய் சும்மா இருக்காது. "இவ அங்க பொறந்தவ, இங்க இருக்கா. அவன் இங்க பொறந்தவன், அங்க இருக்கான். கல்யாணம் பண்ணி வைங்கடான்னா ஆளை மாத்தி வெச்சிருக்கானுங்க" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்வார்.

அவள் ஒன்றும் கம்பெனி ஆரம்பிக்கும் எண்ணத்தோடு அங்கே வரவில்லை. மாமனார் இறந்துபோனபோது மாமியாருக்குத் துணையாக ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று, தான் பார்த்த எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு லீவு போட்டு வந்தாள். அந்த மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு குளிரறை இரவோடு இரவாக நின்றுபோனது. நல்ல கோடை. காலையில் கதவைத் திறந்த பால்காரர் வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுததை அவள் மாடியிலிருந்து பார்த்தாள். வளர்ந்த ஆள் ஒருவர் தெருவில் உட்கார்ந்து அழுவதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. சூட்டை அளந்து, ஏறினால் போன் செய்கிற ஒரு சின்னப் பெட்டி இருந்திருந்தால் போதுமே என்று தோன்றியது. முதல் பெட்டியைச் சாப்பாட்டு டப்பா ஒன்றில்தான் செய்தாள். அதை வைத்துச் சோதிக்க வீட்டு ஃப்ரிட்ஜ்தான் கிடைத்தது. ஒரு மாதம் ஆறு மாதமாகி, நாலு வருஷமும் ஆகிவிட்டது.

குரலும் அப்படி வந்ததுதான். ஆள் வைத்துப் பதிவு செய்ய வசதியில்லை. அந்த வாரக் கடைசியில் வந்திருந்த கணவனைத் துணி அலமாரிக்குள் உட்கார வைத்து, வெளிச்சத்தம் விழாமல் இருக்கத் தலைக்கு மேல் இரண்டு போர்வையைப் போட்டு, "உங்க மூணாம் நம்பர் ரூம்ல சூடு ஏறுது. கொஞ்சம் உடனே போய்ப் பாருங்க" என்று பேச வைத்தாள். அவனுக்கு உள்ளே வியர்த்துக் கொட்டியது. மாமியார் வெளியே நின்று, "ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால மூச்சு வாங்குறான் பாரு. எக்ஸ்சேஞ்சா இருந்தா முதல் நாளே வீட்டுக்கு அனுப்பியிருப்போம்" என்றார். ஆனால் அந்த மூச்சுதான் ஊருக்குப் பிடித்துப்போனது. பதற்றமில்லாத, கொஞ்சம் தூக்கக் கலக்கமான குரல். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்த்துச் சொல்வது போல இருக்கும்.

டயர் கடை மாடி என்றால் அது ஒரு தனி உலகம். கீழே ரப்பர் வேகிற நாற்றம், மேலே ஈயம் உருகுகிற புகை. கோடையில் தகரக் கூரை காய்ச்சி எடுக்கும். குளிரறைகளைக் காக்கிற கம்பெனியில் ஒரு மேஜை ஃபேன்தான் என்று மாமியார் கேலி செய்வார். வேலைக்கு முக்கியமாக இரண்டு பேர். கம்ப்ரஸர் அண்ணன் இருபது வருஷம் குளிர்சாதன மெக்கானிக்காக இருந்தவர். பெட்டியைக் கொண்டுபோய் மாட்டுவதும், கெட்டுப்போனால் ஸ்கூட்டரில் ஓடுவதும் அவர் வேலை. புரோகிராம் எழுதுகிற பெண் ஊர்க் கல்லூரியில் படித்தவள். கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துவிட்டு மேஜை முழுக்கத் தேடுவாள், அதனால் பெயரே கண்ணாடி. இருவரும் நாள் முழுக்கக் கணவனின் குரலை ஓடவிட்டுச் சோதிப்பார்கள். மூணாம் நம்பர் ரூம், நாலாம் நம்பர் ரூம் என்று அது பேசிக்கொண்டே இருக்கும். முதல் வருஷம் அவளுக்கு அது சுகமாக இருந்தது. பிறகு, காதில் இவ்வளவு பேசுகிறவன் கைக்கு எட்டவில்லையே என்று எரிச்சல் வரும்.

அந்தக் கம்பெனிக்கு மட்டுமே உரிய ஒரு பழக்கமும் இருந்தது. ஆரம்பத்தில் சூடு ஏறினால் மட்டும்தான் போன் போகும். இறால்காரர்தான் அதைக் கெடுத்தார். ஊரிலேயே பெரிய மீன் கிடங்கு அவருடையது. போன் வரவில்லை என்றால் அறை நன்றாக இருக்கிறதா, டப்பா செத்துப்போய்விட்டதா என்று அவருக்குச் சந்தேகம். சந்தேகம் வந்தால் சும்மா இருப்பாரா? கதவைத் திறந்து கையை நீட்டிப் பார்ப்பார். திறந்தால் வெளிச்சூடு உள்ளே போகும். போனால் டப்பா கத்தும். கத்தினால் மறுபடியும் திறந்து பார்ப்பார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அதையே செய்ய, ஒரு கோடை முழுக்கக் கம்பெனி படாத பாடு பட்டது. கடைசியில் தினமும் விளக்குப் போடுகிற நேரத்துக்கு, ஒன்றுமே ஆகாவிட்டாலும், எல்லோருக்கும் ஒரு போன் போகும்படி செய்தார்கள். "உங்க ரூம் எல்லாம் நல்லா இருக்கு. நிம்மதியா இருங்க." அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. சிலர் போனில், "சரி தம்பி, நீயும் நேரத்தோட சாப்பிடு" என்றுகூடச் சொன்னார்கள்.

நாலு வருஷமாக அவர்கள் குடும்பம் நடத்தியது வாரக் கடைசிகளில். ஒரு வாரம் அவன் வருவான், ஒரு வாரம் அவள் போவாள், ஏதாவது ஒரு டப்பா கெட்டுப்போனால் போகமாட்டாள். ரயிலில் வந்தவனுக்கு முதல் நாள் தூக்கத்தில் போய்விடும், அடுத்த நாள் கிளம்புகிற நினைப்பில் போய்விடும். மாமியார் முன்னால் அவனை நீங்க, வாங்க என்பாள். தனியாக இருக்கும்போது நீ, வா. அந்த நீ என்கிற வார்த்தை நாக்குக்குப் பழகும்போது ரயில் வந்துவிடும். பிள்ளை பெற்றுக்கொள்வதைப் பற்றி யாராவது கேட்டால், ஒரே வீட்டுக்கு வந்ததும் என்று இருவரும் ஒரே குரலில் சொல்வார்கள். போன மாதம் நிலைக்கண்ணாடி முன் தலை சீவும்போது காதோரம் வெள்ளை முடி ஒன்றைப் பார்த்தாள். அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லவில்லை.

அவன் ஏன் இங்கே வந்துவிடக் கூடாது என்று கேட்டால் அதற்குப் பதில் உண்டு. அவனுக்கு அந்த ஊர் ஆகாது. படிக்கிற காலத்தில் அவன் கம்ப்யூட்டர் என்று சொன்னதற்குச் சிரித்த ஊர் அது. அந்தத் தெருவில் நடந்தாலே தான் பழையபடி ஒல்லியான, பயந்த பையனாகிவிடுவதாக அவளிடம் ஒருமுறை சொல்லியிருந்தான். அதனால் அவள் அவனை ஒருநாளும் வா என்று கூப்பிட்டதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் முதலீட்டாளர் வந்தார். நகரத்துக்காரர். டயர் கடைப் படிக்கட்டில் ஏறும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டார், ஆனாலும் ஏறிவந்தார். டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பணம் போடத் தயார், நாடு முழுக்கக் கொண்டுபோகலாம் என்றார். அதற்கு இரண்டு காரியம் ஆக வேண்டும். ஆபீஸ் நகரத்துக்கு வர வேண்டும், அங்கேதான் நல்ல ஆட்கள் கிடைப்பார்கள். இரண்டாவது, அந்தக் குரல். வீட்டில் பேசுவது போல இருக்கிறது, எல்லா மொழியிலும் பேசக்கூடிய இயந்திரக் குரலாக மாற்றிவிடுங்கள் என்றார். கண்ணாடி தலையிலிருந்த கண்ணாடியை இறக்கி அவரை நன்றாகப் பார்த்தாள். கம்ப்ரஸர் அண்ணன் கீழே போய் டீ வாங்கி வந்தார். அவருக்கு வருத்தம் வந்தால் டீ வாங்கப் போய்விடுவார்.

அவள் சரி என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் மனசில் கம்பெனி இல்லை, நாடு முழுக்க விற்பதும் இல்லை. நகரத்து வீட்டின் சமையலறை ஜன்னல்தான் இருந்தது. வேலை முடிந்து வந்து, அவன் ஒரு பக்கம் வெங்காயம் நறுக்க, தான் ஒரு பக்கம் ஏதாவது கிளற, ஒன்றும் முக்கியமில்லாத விஷயத்தைப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். அதற்காக அவள் ஏங்கிக் கிடந்தாள். போனில் அவனிடம் சொன்னாள். அடுத்த வாரம் அங்கே காலியாகக் கிடந்த சின்ன அறைக்கு அவனே பெயிண்ட் அடித்து, அவளுக்கென்று மேஜை போட்டு, போட்டோ அனுப்பினான். அவன் முழங்கையில் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. அந்தப் போட்டோவை அவள் வேலைக்கு நடுவில் அடிக்கடி எடுத்துப் பார்த்தாள்.

கண்ணாடியைத் தன்னோடு வரச் சொன்னாள். அந்தப் பெண் அப்பாவைக் கேட்கிறேன் என்றாள், கேட்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். கம்ப்ரஸர் அண்ணனிடம் கேட்கவே வாய் வரவில்லை. மாமியாரிடம் மட்டும் கெஞ்சிப் பார்த்தாள். "நான் எதுக்கும்மா அங்க? எனக்கு இந்த வீட்ல எந்த சுவிட்சு எதுன்னு இருட்டுலயும் தெரியும். நீ போ. நாலு வருஷம் இருந்ததே பெருசு" என்றார் அவர். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

புதுக் குரலை ஒரு வெள்ளிக்கிழமை இரவு மாற்றினார்கள். இனிமையான பெண் குரல். மூச்சே வாங்காது. "அன்பார்ந்த வாடிக்கையாளரே, தங்களது மூன்றாம் எண் குளிரறையில்" என்று வெண்ணெயில் கத்தி போவது போலப் பேசும். சோதித்துப் பார்த்ததில் ஒரு குறையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்ப்ரஸர் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஸ்கூட்டரை நிறுத்தக்கூட இல்லை. "இறால்காரர் கிடங்குக்கு வாம்மா" என்றார், அவ்வளவுதான்.

தெருமுனையிலேயே நாற்றம் வந்துவிட்டது. மூணாம் நம்பர் அறையில் நேற்று மாலையே மோட்டார் பெல்ட் அறுந்திருக்கிறது. பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்த இறால் உருகி, தண்ணீர் வாசலைத் தாண்டித் தெருச் சாக்கடைக்கு ஓடிக்கொண்டிருந்தது. வேலையாட்கள் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு வாரி வெளியே கொட்டினார்கள். இறால்காரர் கத்தவில்லை. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் போனைத் திறந்து பார்த்தாள். டப்பா ஒழுங்காக வேலை செய்திருந்தது. ஒரு கோளாறுக்கு மூன்று போன் என்ற கணக்குப்படி, சூடு ஏற ஏறக் கூப்பிட்டிருந்தது. மூன்று முறை கூப்பிட்டு, மூன்று முறையும் எடுக்கப்பட்டிருந்தது.

"போன் வந்துச்சே அண்ணே. எடுத்திருக்கீங்களே" என்றாள்.

"வந்துச்சும்மா. யாரோ ஒரு பொம்பளை. அன்பார்ந்த வாடிக்கையாளரேன்னா. எனக்கு தினமும் நாலு பேர் அன்பார்ந்த வாடிக்கையாளரேன்னு பேசுறாங்க, லோன் வேணுமான்னு. கட் பண்ணேன். திரும்பத் திரும்ப வந்துச்சு. பிளாக் பண்ணிட்டேன்." அவர் தலையை நிமிர்த்தினார். "தம்பி கூப்பிடலையேம்மா. நேத்து சாயங்காலம் வழக்கமான போன் வரலைன்னதும் தம்பிக்கு லீவுபோலன்னு நெனச்சேன். ரூம் கெட்டிருந்தா தம்பி கூப்பிட்டிருக்குமேன்னுதான் நான் நிம்மதியா தூங்கினேன்."

போனை எடுத்துவிட்டால் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதான் அவர்கள் புரோகிராமை எழுதியிருந்தார்கள். எடுக்காவிட்டால்தான் அடுத்த ஆளுக்கும், கடைசியாக அவளுக்கும் போகும். எடுத்த பிறகு காதில் வாங்கினாரா என்று பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டிய தேவை வந்ததில்லை. அந்தக் குரல் பேசும்போது நாலு வருஷத்தில் ஒருவர்கூட பாதியில் வைத்ததில்லை. உலகத்தில் வேறு எந்தக் கம்பெனியும் இந்தத் தப்பைச் செய்திருக்காது. தன் புருஷன் குரலை யாராவது பாதியில் வெட்டுவார்களா என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அன்று மதியம்வரை அவளும் வாரிக் கொட்டினாள். இறால்காரர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. நஷ்டத்தைக் கம்பெனி ஏற்கும் என்று சொன்னதற்கு அவர், "அது கெடக்கட்டும்மா. தம்பியை ஏன் நிறுத்தினீங்க? சம்பளம் கேட்டுச்சா?" என்றார். அவருக்கு இன்னும் அது ஒரு ஆள்தான். அவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் செய்தாள்.

குளித்துவிட்டு முதலீட்டாளருக்குப் போன் செய்தாள். அவர் பதறவில்லை. இதெல்லாம் சகஜம், இதற்குத்தான் இன்சூரன்ஸ், சீக்கிரம் இங்கே வாருங்கள், இங்கே வந்துவிட்டால் இந்தச் சில்லறைத் தொல்லை எதுவும் உங்கள் காதுவரை வராது என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தை அவளுக்கு முள்ளாகத் தைத்தது. அங்கே இருந்திருந்தால் மூன்று முறை போன் எடுக்கப்பட்டது என்று திரையில் பச்சையாகத் தெரிந்திருக்கும், அவளும் நம்பியிருப்பாள். இங்கே இருந்ததால்தான் நாற்றம் மூக்கில் ஏறியது.

அன்று சாயங்காலம் இன்னொன்றும் நடந்தது. விளக்குப் போட்டதும் வீட்டில் மாமியாரின் போன் அடித்தது. முதல் டப்பாவைச் சோதித்த காலத்தில் சேர்த்த நம்பர்களில் அதுவும் ஒன்று. அந்தச் சாப்பாட்டு டப்பா இன்னும் வீட்டு ஃப்ரிட்ஜின் தலைமேல்தான் உட்கார்ந்திருந்தது. எடுத்துவிடலாமா என்று கண்ணாடி ஒருமுறை கேட்டபோது மாமியார், "இருந்துட்டுப் போகுது" என்றிருந்தார். இப்போது அவர் போனை எடுத்துக் காதில் வைத்தார். அன்பார்ந்த வாடிக்கையாளரே என்று அது தொடங்கியது. "ராங் நம்பர்ம்மா" என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்துபோய் அரிசி களைந்தார். அவள் அப்போதே கண்ணாடியைக் கூப்பிட்டுப் பழைய குரலைப் போடச் சொன்னாள்.

அடுத்த வாரம் கணவன் வந்தான். சாமான்களைக் கட்ட உதவுவதற்காகக் கயிறும் அட்டைப்பெட்டியும் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். நடந்ததெல்லாம் அவனுக்குப் போனில் தெரியும். இடம் மாறுவதைப் பற்றி மட்டும் அவள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நேரில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவனை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்து இறால்காரர் கிடங்குக்குக் கூட்டிப்போனாள். அறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அவன் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்து, "அண்ணே" என்றான். அவ்வளவுதான், இறால்காரர் எழுந்து நின்றுவிட்டார். அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தன் மனைவிக்கு ஆபரேஷன் நடந்த அன்றைக்கு, ஆஸ்பத்திரி வராந்தாவில் யாருமில்லாமல் உட்கார்ந்திருந்தபோது அவன் கூப்பிட்டு நிம்மதியா இருங்க என்று சொன்னதைச் சொன்னார். நீ சொன்னப்புறம்தான் தம்பி எனக்குத் தைரியமே வந்துச்சு என்றார். அது நானில்லை என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டான்.

திரும்பும் வழியில், வண்டி ஓட்டிக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காத அந்த வசதியில், அவள் சொன்னாள். "நான் அங்க வரல."

"இந்த மாசம் வரலையா?"

"ஆபீசை மாத்தல. அந்த ஆளுக்குச் சொல்லிட்டேன், பணம் வேணாம்னு."

"நிறுத்து" என்றான். அவள் ஒரு பூட்டிய கடை ஓரமாக நிறுத்தினாள். அவன் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்து போய்த் திரும்பி வந்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா நீ சரின்னு சொல்லியிருப்பே. நாலு வருஷமா எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்றே. நானும் அப்படித்தான். எப்படி இருக்கேன்னு நீ கேட்டா நல்லா இருக்கேன்னு சொல்வேன். நான் கேட்டா நீ சொல்வே. நாம ரெண்டு பேருமே அந்த டப்பா மாதிரிதான் பேசிக்கிட்டிருக்கோம்."

"நான் அந்த ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சேன்" என்றான். "கடைக்காரன் பத்து கலர் காட்டினான். உனக்கு எது பிடிக்கும்னு அரைநாள் நின்னேன். உனக்கு நான் வேணாமா?"

"வேணும். வேணாம்னா இவ்ளோ கஷ்டமே இல்லையே. காலையில எந்திரிச்சா வேணும், சாப்பிட உக்காந்தா வேணும். ஆனா அங்க வந்து உக்காந்தா, யாரோ போனை எடுத்தாங்கன்னு நம்பிட்டு நிம்மதியா இருக்கிற ஆளா நான் ஆயிடுவேன். அப்படி ஆனவளோட நீ என்ன பண்ணுவே?"

"நான் இங்க வந்தா சிடுசிடுன்னுதான் இருப்பேன். உனக்கே தெரியும்."

"தெரியும். அதான் நான் வான்னு கூப்பிட்டதே இல்ல."

அவன் பின்னால் ஏறி உட்கார்ந்தான். வழக்கமாக அவள் தோளில் கை வைப்பவன் அன்றைக்கு வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். இத்தனை வருஷத்தில் அவர்கள் போட்ட முதல் உண்மையான சண்டை அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. இவ்வளவுக்கும் நடுவில், வண்டிக் கம்பியைப் பிடித்திருந்த அந்தக் கைக்காகவும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

சாயங்கால ரயிலுக்கு அவன் பையைக் கட்டினான். கயிறும் அட்டைப்பெட்டிகளும் சுவரோரம் சாய்ந்து கிடந்தன. மாமியாருக்கு என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. அந்த வீட்டில் பாத்திரம் வைக்கிற சத்தத்திலேயே அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வெளிச்சம் மங்கியதும் எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அவன் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து ஷூ மாட்டினான். அவள் ஸ்டேஷனில் விட்டுவரத் தயாராக வாசலில் நின்றாள்.

"அம்மா, அப்ப நான் கிளம்புறேன். மருந்தெல்லாம் நேரத்துக்கு" என்று அவன் ஆரம்பித்தான். அப்போது போன் அடித்தது.

மாமியார் கீரையைத் தட்டில் போட்டுவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தார். மகன் பேசிக்கொண்டே இருப்பதைப் பார்த்து, பொறு என்பதுபோல ஒரு கையைத் தூக்கிக் காட்டினார்.

"கொஞ்சம் சும்மா இருப்பா. என் பையன் பேசுறான்."

அவன் வாய் அப்படியே நின்றது. காது மந்தமாகிவிட்டதால் மாமியார் போனில் சத்தத்தை எப்போதும் கூட்டியே வைத்திருப்பார். முதலில் மூச்சு கேட்டது. பிறகு, உங்க ரூம் எல்லாம் நல்லா இருக்கு, நிம்மதியா இருங்க என்று அவன் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. அலமாரிக்குள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனின் குரல், இன்னும் நாலு வயது இளமையாக.

"சரிப்பா" என்றார் மாமியார் போனில். "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி. தண்ணி நிறைய குடி. வெக்கட்டுமா?" வைத்துவிட்டு மறுபடி கீரையை எடுத்தார். எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் வேலை பார்த்தவருக்கு அது பதிவு செய்த குரல் என்று தெரியாதா? தெரிந்தும், மகனோடு பேசி முடித்த நிம்மதிதான் அந்த முகத்தில் இருந்தது.

அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"தினமுமாம்மா?" என்று கேட்டான்.

"தினமும்தான். பாவம், அவன் ஒருநாள்கூட மறந்ததில்லை. போன வாரம்தான் ரெண்டு நாள் ஆளைக் காணோம். நான் பயந்தே போயிட்டேன்."

"நாளையிலிருந்து நானே கூப்பிடுறேன்மா. நிஜமா."

"நீ எதுக்குடா கூப்பிடணும்?" என்றார் மாமியார், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கூப்பிடுறதுக்குத்தான் அவன் இருக்கானே. நீ எதிர்ல உக்காந்து பேசு, போதும். சிடுசிடுன்னு பேசினாலும் பரவால்ல."

நாலு வருஷமாகத் தன் தொண்டைவரை வந்து நின்ற வார்த்தையை இந்த மனுஷி கீரை ஆய்ந்துகொண்டே சொல்லிவிட்டாரே என்று அவளுக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை, வாசற்படியிலேயே நின்று அழுதாள். அவன் ஒரு காலில் ஷூவும் கையில் இன்னொன்றுமாக உட்கார்ந்திருந்தான். முகத்தை நிமிர்த்தவே இல்லை. மாமியார் ஆய்ந்த கீரையை இரண்டு கையாலும் அள்ளிப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று மூன்று பேரில் ஒருவரும் சொல்லவில்லை.